மூளை இல்லாத பெட்டிக்கு மூளை வந்த கதை

தலைப்பைப் பார்த்து அரசியல் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும் :-) இது நிஜமாவே ஒரு பெட்டியைப் பத்தின பதிவு. தின் கிளையன்ட்னு சொல்வாங்க. பேங்க், கால் சென்டர், ஆஸ்பத்திரி கவுன்ட்டர்னு பல இடத்துல பார்த்திருப்பீங்க. தலையணை மாதிரி ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும். ஃபேன் சத்தம் இருக்காது, ஹார்ட் டிஸ்க் இருக்காது. கீபோர்டுல தட்டுறதை எங்கேயோ இருக்கிற சர்வருக்கு அனுப்பும், சர்வர் அனுப்புற படத்தைத் திரையில காட்டும். அதோட வேலை அவ்வளவுதான்.

இந்தப் பெட்டிகளை இப்ப பழைய விலைக்கு வாங்கி வீட்டு சர்வராகவும் ரவுட்டராகவும் மாத்துறது நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. "எப்படி மாத்துறது"ன்னு ஆயிரம் பேர் எழுதியாச்சு. அது ஏன் இப்படித் திரும்பி வந்துச்சு, அதுல நம்ம சென்னைக்கும் அம்பத்தூருக்கும் என்ன பங்கு என்பதை யாரும் தமிழ்ல கோத்து எழுதி நான் பார்க்கல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோட உட்காருங்க.

மூளை ஓரிடம், முகம் ஓரிடம்

ஆரம்பத்துல எல்லாக் கணினியும் இப்படித்தான் இருந்தது. 1973ல் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு ஜெர்மன் உதவியோட ஐ.பி.எம். 370/155 வந்தது. ஒரு பெரிய ஹாலை அடைச்சுக்கிட்டு ஒரே ஒரு மூளை. அதுக்கு முன்னாடி பஞ்ச் கார்டு கட்டோட வரிசையில நிக்கிற மாணவர்கள். கணினி உங்க பக்கத்துல வராது, நீங்கதான் அதுகிட்ட போகணும்.

அடுத்த கட்டம் டெர்மினல். மூளை அங்கேயே இருக்கட்டும், ஒரு திரையையும் கீபோர்டையும் மட்டும் வயர் போட்டு உங்க மேஜைக்குக் கொண்டு வர்றேன்னு சொன்ன ஏற்பாடு. 1980களின் பிற்பாதியில ரயில்வே முன்பதிவு கணினிமயமானப்போ கவுன்ட்டர்ல உட்கார்ந்தது இந்த மாதிரி டெர்மினல்கள்தான். கறுப்புத் திரை, வெறும் எழுத்து, மவுஸ் கிடையாது. ஆனா அந்த ஊழியர் விரல் ஓடுற வேகத்துக்கு இன்னிக்கு எந்த ஆப்பும் ஈடு கொடுக்காது. அமெரிக்காவுல 1981ல் ஆரம்பிச்ச வைஸ் இந்த மாதிரி டெர்மினல் வித்தே பெரிய ஆள் ஆச்சு. இந்தியாவுல பெங்களூரு விஎக்ஸ்எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இதே தொழில்ல இருந்துட்டு, பிறகு தின் கிளையன்ட் பக்கம் போச்சு.

அப்புறம் பி.சி. வந்தது. மூளை மேஜைக்கே வந்துடுச்சு. டெர்மினலுக்கு அவ்வளவுதான்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா பத்து வருஷத்துல வேறொரு தலைவலி கிளம்பிச்சு. ஆயிரம் மேஜை இருந்தா ஆயிரம் விண்டோஸ், ஆயிரம் வைரஸ், ஆயிரம் ஹார்ட் டிஸ்க். யாரு பராமரிக்கிறது?

1995ல் ஆரக்கிளின் லாரி எலிசன் "நெட்வொர்க் கம்ப்யூட்டர்"னு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தார். டிஸ்க் இல்லாத மலிவு கணினி, எல்லாம் நெட்வொர்க்ல இருந்து வரும்ங்கிற பேச்சு. பேச்சு பெரிசா இருந்தது, விற்பனை படுத்துடுச்சு. ஆனா அதே 1995ல் சத்தமில்லாம இன்னொரு வேலை நடந்தது. சிட்ரிக்ஸ் நிறுவனம் ஒரே விண்டோஸ் சர்வர்ல பல பேர் ஒரே நேரத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி வின்ஃபிரேமைக் கொண்டு வந்தது. வைஸ் அதுக்கேத்த வின்டெர்ம் பெட்டியை விட்டது. 1998ல் மைக்ரோசாஃப்ட்டே டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. செத்துப்போன டெர்மினல் கலர் படத்தோட உயிர்த்தெழுந்த கதை இதுதான்.

சென்னை போட்ட பந்தயம்

இங்கதான் நம்ம ஊரு உள்ளே வருது.

ராஜேஷ் ஜெயின் ஞாபகம் இருக்கா? 1999ல் தன்னோட இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்குச் சென்னையின் சத்யம் இன்ஃபோவேக்கு, அதாவது இப்போதைய சிஃபிக்கு, வித்தவர். அவரும் ஒரு பதிவர், நம்ம இனம். 2002 வாக்கில் அவர் விடாம எழுதிக்கிட்டிருந்த ஒரு யோசனை இது: வெளிநாட்டுல தூக்கிப்போடுற பழைய பி.சி.யை எடு, அதுல ஹார்ட் டிஸ்க் வேண்டாம், பக்கத்துல ஒரு நல்ல லினக்ஸ் சர்வர் வை, பழசு எல்லாத்தையும் அதோட முகமா மாத்து. மெலிஞ்ச கிளையன்ட், தடிச்ச சர்வர். எமர்ஜிக் ஃப்ரீடம்னு பேரு வச்சார். லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட்டுங்கிற இலவச மென்பொருள் அப்ப பள்ளிக்கூடங்கள்ல இதே வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்தது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. 2002ல் கனவு என்னன்னா, பழைய பி.சி.யைத் தின் கிளையன்ட்டா மாத்துறது. இப்ப நாம செய்யுறது பழைய தின் கிளையன்ட்டை சர்வரா மாத்துறது. அப்படியே உல்டா!

அந்த யோசனையோட அடுத்த படிதான் நோவாட்டியம். சென்னையிலிருந்து இயங்கின நிறுவனம். பின்னாடி இருந்தவங்க மூணு பேர்: ராஜேஷ் ஜெயின், ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, அனலாக் டிவைசஸை நிறுவினவர்கள்ல ஒருத்தரான ரே ஸ்டாட்டா. ஜுன்ஜுன்வாலாவைத் தெரியாதவங்களுக்கு: கிராமங்களுக்குக் கம்பி இல்லாம தொலைபேசியும் இணையமும் கொடுக்கிற கார்டெக்ட் தொழில்நுட்பத்தை உருவாக்கின டெனெட் குழுவோட மூளை. "இந்தியன் வாங்குற விலைக்குள்ள செய்யணும்"ங்கிறதை ஒரு பொறியியல் கணக்காவே போட்டவர்.

நோவா நெட்பிசின்னு அவங்க கொண்டு வந்த பெட்டியோட கணக்கு எளிமையானது. செல்போன் தரத்துல ஒரு மலிவு சிப், டிஸ்க் கிடையாது, வைரஸ் கிடையாது. மென்பொருள் எல்லாம் நெட்வொர்க்கோட அந்தப் பக்கம் சர்வர்ல. கேபிள் டி.வி. மாதிரி மாசச் சந்தா கட்டு, கணினி உனக்குத் தண்ணி, கரண்ட் மாதிரி வரும். வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் எழுதுச்சு. அப்ப 100 டாலர் லேப்டாப்புன்னு நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு பக்கம் உலகத்தைச் சுத்திக்கிட்டு இருந்தார், சென்னை அதுக்கு எதிர்திசையில யோசிச்சது.

யோசனை தப்பில்லைங்க. இன்னிக்கு கிளவுடுன்னு எல்லாரும் கொண்டாடுறது அதேதான். சிக்கல் வயர்ல இருந்தது. 2004 கொள்கைப்படி இந்தியாவுல பிராட்பேண்டுன்னா 256 கேபிபிஎஸ். பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் 2005ல் வந்ததும் இந்த வேகத்துல இருந்துதான். இப்ப கணக்குப் போடுங்க. 1024க்கு 768 திரை, 16 பிட் நிறம். முழுத் திரை ஒரு தடவை மாறினா ஏறக்குறைய 1 கோடியே 26 லட்சம் பிட். சுருக்காம அனுப்பினா 256 கேபிபிஎஸ்ல 49 விநாடி! சுருக்கி அனுப்பலாம், மாறின பகுதியை மட்டும் அனுப்பலாம், அதெல்லாம் செய்வாங்க. கடிதம் தட்ட அது போதும். பாட்டுக் காட்சி பார்க்கணும்னா? நம்ம வீட்டுல கணினி வாங்குறதே அதுக்குத்தானே :-)

இன்னொரு பக்கம் பி.சி. விலை இறங்கிக்கிட்டே வந்தது, அப்புறம் ஸ்மார்ட்போன் வந்து ஆட்டத்தையே கலைச்சுடுச்சு. வீட்டுக்குள்ள தின் கிளையன்ட் நுழையுற கனவு அத்தோட போச்சு. வயர் மெதுவா இருந்த காலத்துல தூரத்து மூளையை நம்பினது அவங்களோட பந்தயம். பத்து வருஷம் கழிச்சு போட்டிருந்தா கதை வேற.

எஸ்டேட்டுக்கு வந்த பெட்டிகள்

வீட்டுல நுழையாத பெட்டி ஆபீஸ்ல ஜம்முனு உட்கார்ந்தது. அதுக்கு அம்பத்தூரே சாட்சி.

நம்ம பக்கம் இரும்பு பூமி. 1949ல் ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ், பாடியில 1960களின் தொடக்கத்துல வந்த லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், 1965ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பின ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. 60களின் நடுவுல வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில லேத்தும் பிரஸ்ஸும் ஓடின தெருக்கள். 2000களின் நடுவுல அதே எஸ்டேட்டுல கண்ணாடிக் கட்டடங்கள் முளைச்சது. எச்.சி.எல். வந்தது, ஆம்பிட் பார்க் வந்தது, பி.பி.ஓ.க்கள் வந்தது. ஷிஃப்ட் சைரன் கேட்டு எழுந்த தெருவுல ராத்திரி ரெண்டு மணிக்கு கேப் வண்டி ஹாரன்.

எங்க சித்தி பொண்ணு அப்படி ஒரு இடத்துல வேலை பார்த்தவ. "எங்க ஃப்ளோர்ல கம்ப்யூட்டரே இல்லடா, மானிட்டர் மட்டும்தான் இருக்கு"ன்னு சொல்வா. கம்ப்யூட்டர் அந்த மானிட்டரோட முதுகுல ஒட்டிக்கிட்டு இருந்ததை அவ கவனிக்கல. அதான் அந்தப் பெட்டியோட வெற்றி.

பி.பி.ஓ.வுக்கு ஏன் இது பிடிச்சதுன்னா காரணம் நாலு. வெளிநாட்டு வாடிக்கையாளரோட தகவல் மேஜையில தங்காது, பெட்டியைத் தூக்கிட்டுப் போனாலும் உள்ளே ஒண்ணும் இருக்காது. யு.எஸ்.பி.யை அடைச்சுடலாம். ஒண்ணு கெட்டா அஞ்சு நிமிஷத்துல வேற மாட்டலாம். கடைசியா, நம்ம ஊர்ல முக்கியமான விஷயம், சூடு. 70 வாட் பி.சி. ஆயிரம் ஓடினா 70 கிலோவாட் அடுப்பு, அதைக் குளிரவைக்க ஏ.சி. தனி. தின் கிளையன்ட் பத்து, பதினஞ்சு வாட்டுல முடிச்சுடும்.

பெரிய கைகளும் இதை மோப்பம் பிடிச்சாங்க. 2007ல் எச்.பி. நியோவேரை வாங்கினது, 2012ல் டெல் வைஸை வாங்கினது. ஆனா பெட்டிக்குள்ள ஒரு முரண் வளர்ந்துக்கிட்டே இருந்தது. வெறும் படம் காட்டுற பெட்டிக்கு வீடியோ கான்ஃபரன்ஸ், ரெண்டு மானிட்டர்னு கேட்டாங்க. அதனால சிப்பும் பெரிசாச்சு. எச்.பி. டி620 ப்ளஸ்ல நாலு கோர் ஏ.எம்.டி. ப்ராசஸர், கூடவே ஒரு விரிவாக்க ஸ்லாட். 2018ல் வந்த டெல் வைஸ் 5070ல் நாலு கோர் இன்டெல். பேரு என்னவோ மெலிஞ்சவன், உடம்பு முழு கணினி. கிளையன்ட் வேஷம் போட்ட பி.சி.ன்னே சொல்லலாம்.

இவ்வளவு பெட்டியும் ஏன் தெருவுக்கு வந்துச்சு? ரெண்டு தள்ளு. 2020 மார்ச் ஊரடங்குல ஃப்ளோரெல்லாம் காலி, ஆளுங்க லேப்டாப்போட வீட்டுக்குப் போனாங்க. அதே 2020 அக்டோபர்ல பல பெட்டிகள்ல இருந்த விண்டோஸ் எம்பெடட் ஸ்டாண்டர்ட் 7க்கு ஆதரவு முடிஞ்சது. பாதுகாப்புத் தணிக்கைக்காரர் சிவப்புப் பேனாவை எடுத்துட்டா வன்பொருள் நல்லா இருந்தாலும் வெளியே போகணும். அந்த வழியோட ஒரு முனை ரிச்சி ஸ்ட்ரீட்.

வாங்குற கூட்டமும் தயாரா இருந்தது. சில்லுத் தட்டுப்பாட்டுல ராஸ்பெர்ரி பை கிடைக்காமப் போன 2021, 22ல் உலகம் முழுக்கப் பொழுதுபோக்கு ஆளுங்க இந்தப் பக்கம் திரும்பினாங்க. பை வாங்கி, அடாப்டர் வாங்கி, டப்பா வாங்கி, மெமரி கார்டு வாங்குறதுக்குப் பதிலா இதுல எல்லாம் ஒரே பெட்டியில.

ரவுட்டருக்கும் ஒரு வரலாறு

மென்பொருள் பக்கம் இந்த ஏற்பாடு இருபது வருஷமா சமைஞ்சுக்கிட்டே இருந்தது. 2003ல் மானுவல் காஸ்பர்ங்கிற சுவிஸ்காரர் மோனோவால்னு ஒண்ணை வெளியிட்டார். சின்னப் பெட்டியில ஃப்ரீபிஎஸ்டியைப் போட்டு பிரவுசர்லயே ஃபயர்வாலை நிர்வகிக்கலாம். 2004ல் அதிலிருந்து பிஎஃப்சென்ஸ் பிரிஞ்சது, 2015ல் அதிலிருந்து ஓபிஎன்சென்ஸ். அதே 2015ல் மோனோவாலை நிறுத்திட்டு, ஓபிஎன்சென்ஸைப் பாருங்கன்னு அவரே கை காட்டினார். இன்னொரு கிளையில, லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள்ள லினக்ஸ் இருக்கிறதை 2003ல் கண்டுபிடிச்சு, உரிமப்படி மூலநிரலைக் கேட்டு வாங்கினாங்க. அதிலிருந்து 2004ல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ரவுட்டரும் ஒரு கணினிதான், அதுல நம்ம இஷ்டத்துக்கு எழுதலாம்னு ஊருக்குத் தெரிஞ்சது அப்பத்தான்.

எங்க வீடு திருமுல்லைவாயல் பக்கம். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி அந்த மாதிரி ஒரு பெட்டி ரெண்டு வருஷத்துக்கு மேலா ஓடுது. விளம்பரத்தைத் தடுக்குது, வீட்டுப் படங்களைச் சேமிக்குது, பாட்டும் படமும் டிவிக்கு அனுப்புது. வாங்கப் போறவங்களுக்குச் சில குறிப்பு:

1. மின் கணக்கு. பத்து வாட் பெட்டி ராத்திரி பகலா ரெண்டு மாசம் ஓடினா 14.4 யூனிட். பழைய டெஸ்க்டாப்பை 70 வாட்டுல அதே மாதிரி ஓட்டினா 100.8 யூனிட். நம்ம மின்வாரியம் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்குத் தர்ற 100 இலவச யூனிட்டை அது ஒண்ணே முழுங்கிடும்!

2. பயாஸ்ல பாஸ்வேர்டு இருக்கான்னு கடையிலேயே ஆன் பண்ணிப் பாருங்க. பழைய ஆபீஸ் பூட்டு போட்டபடியே வந்திருக்கும். அடாப்டர் இல்லாம பெட்டி மட்டும் மலிவா கிடைச்சா வாங்காதீங்க. பெரும்பாலான எச்.பி.க்கு 19.5 வோல்ட். ரவுட்டருக்குன்னு விக்கிற 12 வோல்ட் குட்டி யு.பி.எஸ். அதுக்கு ஆகாது, இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க.

3. "மின்சாரம் திரும்பினதும் தானா ஆன் ஆகு"ன்னு பயாஸ்ல ஒரு வசதி இருக்கும். நம்ம ஊருக்கு இது கட்டாயம்.

4. ரவுட்டருக்கு ரெண்டு லேன் போர்ட் வேணும், பெரும்பாலான பெட்டியில ஒண்ணுதான் இருக்கும். ஸ்லாட் இருக்கிற மாடல்ல பழைய இன்டெல் நெட்வொர்க் கார்டு போடலாம். இல்லைன்னா விலேன் தெரிஞ்ச ஸ்விட்ச் ஒண்ணு வாங்கி ஒரே போர்ட்டை ரெண்டா பிரிக்கலாம்.

5. உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் சின்னது, எழுதி எழுதித் தேயும். லாக் ஃபைல்களை மெமரியில வைங்க. படங்களுக்கு வெளி டிஸ்க், அதுக்கு இன்னொரு நகல் வேற வீட்டுல.

அஞ்சாவது குறிப்பு சும்மா சொல்லல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இந்தப் பக்கத்தை என்ன பண்ணுச்சுன்னு கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிக்காரங்களைக் கேளுங்க. எங்க தெருவுல மின்சாரம் போச்சு, செல்போன் சிக்னல் போச்சு. பெட்டியை அப்பா முதல் வேலையா அலமாரி மேல தூக்கி வச்சுட்டார். கரண்ட் வந்ததும் பெட்டி எழுந்துடுச்சு, ஃபைபர் லைன் வர இன்னும் நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் வீட்டுக்குள்ள படம், பாட்டு, தாத்தாவோட பழைய போட்டோ எல்லாம் இருந்தது. இணையம்தான் இல்ல. அம்மா அதுவரைக்கும் அந்தப் பெட்டியைக் "கரண்ட் தின்னி"ன்னுதான் சொல்வாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேரு நின்னு போச்சு.

இப்ப மூளை யார் தெருவுல?

இதுல வேடிக்கை என்னன்னா, மூளை தூரத்துல இருக்கணும்ங்கிற அந்தப் பழைய பந்தயம் கடைசியில ஜெயிச்சுடுச்சு. அதுவும் எங்கே? அம்பத்தூர்லயே! என்.டி.டி. 2023ல் இங்க டேட்டா சென்டர் வளாகம் திறந்தது. 2024 ஜனவரியில ரிலையன்ஸ், ப்ரூக்ஃபீல்ட், டிஜிட்டல் ரியால்ட்டி கூட்டு நிறுவனமான டிஜிட்டல் கனெக்ஷன் எஸ்டேட்டுல தன்னோட வளாகத்தைத் திறந்தது. அது 100 மெகாவாட் வரைக்கும் வளரும்னு சொல்லியிருக்காங்க. 100 மெகாவாட்டை நம்ம பத்து வாட் பெட்டியால வகுத்துப் பாருங்க: ஒரு கோடி பெட்டி. சைக்கிள் செஞ்ச ஊரு இப்ப ஊரோட ஞாபகங்களைச் சேமிக்கிற ஊரு.

நான் கிளவுடுக்கு எதிரி இல்ல. சம்பளமே அதுலதான் வருது :-) ஆயிரம் பேருக்குச் சேவை கொடுக்கணும்னா அதுதான் சரி. ஆனா எங்க வீட்டுப் போட்டோ அம்பத்தூர்லயே இருக்கிற ஒரு சர்வர்ல இருந்தாலும், அதைத் திறக்கிற சாவி எங்ககிட்ட இல்ல. கணக்கை ஒருத்தன் முடக்கினா முடிஞ்சது. இணைய நிறுவனம் கொடுக்கிற ரவுட்டரோட நிர்வாகப் பாஸ்வேர்டு கூட பல வீட்டுல வீட்டுக்காரர்கிட்ட இருக்காது. பொது ஐ.பி. கிடைக்காது, நூறு வீடு ஒரே முகவரிக்குப் பின்னாடி நிக்கும். நோவாட்டியம் காலத்துல கணினி விலை அதிகம், வயரும் மெதுவு. இன்னிக்கு ரெண்டும் மலிவு. இப்ப விலை ஏறியிருக்கிறது சாவிக்கு.

அதனாலதான் இந்த உல்டாவுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறதா எனக்குப் படுது. மூளையே இருக்கக்கூடாது, எதையும் ஞாபகம் வச்சுக்கக்கூடாதுன்னு கட்டளை போட்டுச் செஞ்ச பெட்டி. யாரோ ஒரு ஆபீஸ்ல ஏழெட்டு வருஷம் மறதியோட உழைச்சுட்டு, இப்ப ஒரு குடும்பத்தோட ஞாபகத்தைக் காப்பாத்துது. குப்பைக்குப் போகவேண்டியது இன்னும் அஞ்சு வருஷம் ஓடினா மின்கழிவும் அவ்வளவு குறையும்.

உங்க ஆபீஸ்ல 80கள், 90கள்ல டெர்மினல்ல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா, குறிப்பா ரயில்வே, பேங்க், எல்.ஐ.சி. ஆளுங்க, அந்த அனுபவத்தைக் கேட்டு எழுதுங்க மக்களே. நோவா நெட்பிசியை நிஜமாவே வீட்டுல வச்சுப் பயன்படுத்தினவங்க இதைப் படிச்சா பின்னூட்டத்துல கட்டாயம் சொல்லுங்க. அடுத்த பதிவுல ஒரே லேன் போர்ட்டை வச்சு ரவுட்டர் பண்ற விதத்தைப் படிப்படியா எழுதுறேன்.